ஸ்பிரிங் பிரேக்கில் டாம்பா: டென்ட், கயாக், சொந்தக்காரர் வீடு மூன்றும் ஒரே பயணத்தில் முடியுமா?

கேள்வி, பிப்ரவரி 2, 2025

ஏப்ரல் முதல் வாரம் பிள்ளைகளுக்கு லீவு. ஜார்ஜியாவில் அட்லாண்டாவிலிருந்து, ஃப்ளோரிடாவில் டாம்பாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் காரில் போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாரும் கூட வருகிறார்கள். பையன் டென்ட் வேண்டும், கயாக் (சின்னத் துடுப்புப் படகு) வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வீட்டுக்காரர், "சொந்தக்காரங்க வீட்டுக்குன்னா அது மட்டும், கேம்பிங்னா அது மட்டும். ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெடும்" என்கிறார். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பிப்ரவரி 2, இரவு

கெடாது. வருஷா வருஷம் செய்கிறோம். எங்கள் அக்காவும் டாம்பாவில்தான். நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே.

முதலில் ஒரு கேள்வி. தம்பி வீட்டில் ஒரு வாரம் என்ன செய்வீர்கள்? முதல் நாள் பேச்சு. இரண்டாம் நாள் விருந்து. மூன்றாம் நாள் ஆண்கள் லேப்டாப்பைத் திறப்பார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்துவிடுவார்கள், தம்பி மனைவி அடுப்படியிலேயே நிற்பார். குறை சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சொந்தக்காரர்களை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து தண்ணீரில் இறக்கினால் அதே ஆட்கள் வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள். எங்கள் அத்தான் வீட்டில் நாலு வார்த்தை பேசமாட்டார். துடுப்பைக் கையில் கொடுத்தால் வாய் ஓயாது.

அதனால் நாங்கள் வழியிலேயே சந்தித்துவிடுவோம். ஐ-75 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் மேக்கன், வால்டோஸ்டா, அப்புறம் ஃப்ளோரிடா எல்லை, லேக் சிட்டி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹை ஸ்பிரிங்ஸ் என்று சின்ன ஊர், பக்கத்தில் ஓ'லீனோ ஸ்டேட் பார்க். எங்களுக்கு ஐந்து மணி நேரம், டாம்பாவிலிருந்து இரண்டரை மணி நேரம் போல. சனிக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் அங்கே கூடும்.

ஏன் சனி, ஞாயிறு என்றால், பள்ளி லீவு ஒத்துவராது. டாம்பா பக்கம் ஸ்பிரிங் பிரேக் மார்ச் நடுவில், நமக்கு ஏப்ரல் முதல் வாரம். தம்பி பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும் வாரத்தில் அவர்கள் வீட்டில் போய் உட்காருவதில் என்ன இருக்கிறது? சனி, ஞாயிறு அவர்களோடு. வார நாட்களில் நீங்கள் ஆறு, ஊற்று என்று சுற்றலாம், கூட்டமும் இருக்காது. வெள்ளி மாலை அவர்கள் வீடு.

பிப்ரவரி 3

இந்த ஏப்ரலுக்கு இப்போது இடம் கிடைப்பது கஷ்டம் என்பதையும் சொல்லவேண்டும். 2024 ஜனவரியிலிருந்து ஃப்ளோரிடா ஸ்டேட் பார்க்குகளில் அந்த மாநிலத்துக்காரர்கள் 11 மாதம் முன்னாலும், வெளி மாநிலத்தார் 10 மாதம் முன்னாலும் பதிவு செய்யலாம் என்று விதி. ஆனால் ரத்து செய்பவர்கள் நிறைய. தினமும் காலையில் ஒரு தடவை தளத்தைப் பாருங்கள். திங்கள் முதல் வியாழன் வரை ஒற்றை இரவுகள் உதிரியாகக் கிடைக்கும்.

பிப்ரவரி 10

பெரியவர்கள் கயாக்கில் ஏற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. கடல், ஏரி, காற்றடிக்கும் குடா எல்லாம் வேண்டாம். ஊற்று ஆறுகள் என்றால் தயங்காமல் சொல்வேன், முடியும்.

வட ஃப்ளோரிடாவில் தரைக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் லேசான அமிலமாகி அந்தப் பாறையைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகைகளும் கால்வாய்களும் ஆகிவிட்டன. அந்த நீர் வெளியே வரும் இடங்கள்தான் ஊற்றுகள். ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பெரிய ஊற்று என்றால் விநாடிக்கு 2,800 லிட்டருக்கு மேல் கொட்டும். பூமிக்குள்ளிருந்து வருவதால் வருஷம் முழுக்க ஒரே சூடு, ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ். ஜனவரியிலும் அதுதான், ஜூலையிலும் அதுதான். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். அடியில் போகும் ஆமை, புல், மீன் எல்லாம் மேலிருந்தே தெரியும். பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய தைரியம்.

இச்செடக்னீ ஆறு இதற்கென்றே அமைந்தது. ஓ'லீனோவிலிருந்து பக்கம். மொத்த ஆறே 6 மைல்தான். பார்க்குக்குள் போகும் பகுதிக்கு இரண்டு மணி நேரம் போதும். நீரோட்டமே இழுத்துப் போகும், துடுப்பு பெரும்பாலும் திசை திருப்ப மட்டும். இங்கேதான் இரண்டாவது குடும்பத்தின் அருமை தெரியும். ஆற்றில் கீழே போனால் திரும்ப வண்டி வேண்டுமே. ஒரு காரை இறங்கும் இடத்தில் விட்டுவிட்டு, இன்னொரு காரில் எல்லோரும் மேலே போனால் வேலை முடிந்தது. தனியாக வந்தவர்கள் வாடகைக் கடைக்காரரின் வேனுக்குக் காத்திருப்பார்கள்.

பெரியவர்களுக்கு மேலே உட்காரும் வகைக் கயாக் கேளுங்கள், காலை உள்ளே நுழைக்கும் வகை வேண்டாம். முட்டி வலி இருந்தால் மரமேடையிலிருந்து இறங்குவதைவிட, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, முதலில் பின்பக்கத்தை இருக்கையில் வைத்து, அப்புறம் காலைத் தூக்கிப் போடுவது சுலபம். இருவர் படகில் பலமானவர் பின்னால். திருப்புவது பின்னால் இருப்பவர்தான்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று படகில் இருந்தே ஆகவேண்டும், சட்டம். 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் போட்டே இருக்கவேண்டும். பெரியவர்களையும் போடச் சொல்லுங்கள். "எனக்கு நீச்சல் தெரியும்" என்பார்கள். கிணற்று நீச்சல் நாற்பது வருஷத்துக்கு முந்தியது.

பிப்ரவரி 21

முதலை. எதிர்பார்த்த கேள்விதான். உண்டு. ஃப்ளோரிடாவில் நன்னீர் இருக்கும் இடமெல்லாம் அலிகேட்டர் இருக்கும் என்று நினைத்துக்கொள்வதே நல்லது. ஏப்ரலில் அவற்றுக்கு இணைசேரும் காலம் தொடங்குகிறது, கொஞ்சம் கூடுதலாக நடமாடும். கரையில் வெயில் காய்வதைப் பார்த்தால் எதிர்க்கரையை ஒட்டிப் போய்விடுங்கள். இருட்டும் நேரத்தில் தண்ணீரில் இறங்கக்கூடாது, சின்னப் பிள்ளைகளைக் கரையோரம் தனியாக விடக்கூடாது. உணவு போடுவது சட்டப்படி குற்றம். மனிதனைப் பார்த்தால் சோறு என்று அது கற்றுக்கொண்டால் அப்புறம் அதைக் கொல்லத்தான் வேண்டியிருக்கும்.

ஒகிஃபினோக்கி போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜார்ஜியா எல்லைக்குள்ளேயே முடியும், ஃபார்கோ பக்கம் ஸ்டேட் பார்க் இருக்கிறது, இரவு வானம் பிரமாதம். ஆனால் அது சதுப்பு நிலம். இலைச்சாறு இறங்கி நீர் கறுத்திருக்கும், முதலை அதிகம், நீரோட்டம் கிடையாது, முழுக்க நாமே துடுப்புப் போடவேண்டும். பெரியவர்களோடு முதல் தடவை வேண்டாம். அங்கே பிறக்கும் சுவானி ஆற்றில்தான் நம் இச்செடக்னீயும் சான்டா ஃபே வழியாகப் போய்ச் சேர்கிறது. கறுத்த நீர் ஒரு பக்கம், பளிங்கு நீர் ஒரு பக்கம், இரண்டும் ஒரே ஆறாகிக் கடலுக்குப் போகிறது.

மார்ச் 9

சாப்பாடு. முதல் நாளுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. இரண்டாம் நாளிலிருந்து குக்கர். கேம்ப் அடுப்பில் குக்கர் நன்றாக வேலை செய்யும், ஆனால் பொழுது சாய்வதற்கு முன்னால் வைத்துவிடுங்கள். காட்டில் விசில் சத்தம் ரொம்ப தூரம் கேட்கும். ஒரு தடவை பக்கத்து டென்ட்காரர் ஏதோ எச்சரிக்கை மணி என்று நினைத்து ஓடிவந்தார். சாம்பார் சாதம் கொடுத்தோம். மறுநாள் காலை அவர் காபி கொண்டுவந்தார்.

ராக்கூன்களுக்கு ஐஸ் பெட்டி திறக்கத் தெரியும். ராத்திரி எல்லா உணவும் காருக்குள். ஒகாலா காட்டுப் பக்கம் தங்கினால் கருங்கரடியும் உண்டு, அங்கே இன்னும் கண்டிப்பு வேண்டும். மாமியார் கருவாடு கொண்டுவந்திருந்தால் அதை டாம்பா போய்ப் பிரித்துக்கொள்ளுங்கள்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிப் போகாதீர்கள், அங்கேயே வாங்குங்கள். விறகோடு பூச்சி போகும். ரெட்பே மரங்களை அழித்துக்கொண்டிருக்கும் அம்புரோசியா வண்டு அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது.

இச்செடக்னீ ஆற்றில் தூக்கியெறியும் தட்டு, பாட்டில், பை எதற்கும் அனுமதி இல்லை. தண்ணீரை ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் அவித்த வேர்க்கடலை பலகையைப் பார்த்தால் நிறுத்துங்கள். தெற்கு ஜார்ஜியா முழுக்க விற்பார்கள், தோலோடு உப்புத் தண்ணீரில் அவித்தது, சுடச்சுட. ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த நாட்டில் முதல் தடவையாக ஏதோ புரிந்த மாதிரி முகம் மலரும்.

மார்ச் 30

நேற்று அட்லாண்டாவில் ஒரு கன மீட்டர் காற்றில் மகரந்தத் துகள் 14,801. இதுவரை பதிவானதிலேயே அதிகம், 2012-ல் இருந்த 9,369-ஐத் தாண்டிவிட்டது. வெளியில் நிறுத்திய கார் முழுக்க மஞ்சள். டென்ட்டை வாசலில் விரித்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் கராஜுக்குள் விரியுங்கள்.

அப்புறம் ஒரு மறுயோசனை. முதலில் கேம்ப், கடைசியில் வீடு என்று சொன்னேன். பொதுவாக அதுதான் சரி. ஈரத் துணி, மணல், அழுக்கு எல்லாவற்றையும் அக்கா வீட்டு வாஷிங் மெஷினில் போட்டு முடித்துவிட்டு ஊர் திரும்பலாம். ஆனால் ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகாத பெரியவர்களை நேராக டென்ட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். ராத்திரி தூக்கம் இன்னும் பிடிபட்டிருக்காது. எங்கள் அப்பா அம்மா பிப்ரவரியிலிருந்தே அக்கா வீட்டில் இருக்கிறார்கள், அதனால் பிரச்சினை இல்லை.

இந்த வருஷம் ஓ'லீனோவில்தான் கைமாற்றம். அக்காவும் அத்தானும் அப்பா அம்மாவை அங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அவர்கள் விசா முடியும்வரை இனி எங்களோடு. இதுவரை ஏதாவது ஓட்டல் வாசலில் பெட்டி மாற்றிக்கொண்டு பிரிவோம். அக்கா முகம் அப்போது பார்க்கச் சகிக்காது.

ஏப்ரல் 6, ஓ'லீனோ

அப்பா டென்ட்டில்தான் படுப்பேன் என்று படுத்தார். அம்மாவும் அக்காவும் ஹை ஸ்பிரிங்ஸில் லாட்ஜ். காலையில் எல்லோரும் இச்செடக்னீ. அப்பா படகில் அத்தான் பின்னால்.

ஏப்ரல் 9, சில்வர் ஸ்பிரிங்ஸ்

கேபினில் இருக்கிறோம், அதனால் எழுத நேரம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்காக கேபின் எடுத்தோம். கட்டில், குளியலறை, திண்ணையில் ஊஞ்சல் நாற்காலி. பெரியவர்களோடு வருகிறவர்கள் இதை யோசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. ஆற்றில் பாதி தூரம் போனதும் அப்பா துடுப்பை மடியில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். தூத்துக்குடியில் சின்ன வயதில் தாத்தாவோடு வள்ளத்தில் போனது, ஒரு தடவை காற்று மாறி ராத்திரி முழுக்கக் கடலிலேயே கிடந்தது. நானும் அக்காவும் இதைக் கேட்டதே இல்லை. அக்கா தன் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து அப்பா படகைக் கையால் பிடித்துக்கொண்டாள். நான் மறுபக்கம் பிடித்தேன். மூன்று படகும் ஒட்டிக்கொண்டு அப்படியே மிதந்து போனோம். யாரும் துடுப்புப் போடவில்லை. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து "அப்பா, உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்பார்.

மாலையில் அக்கா டாம்பாவுக்குக் கிளம்பும்போது அழவில்லை. "வெள்ளிக்கிழமை வந்துருவீங்கல்ல" என்றாள், அவ்வளவுதான். கைமாற்றத்துக்கு அப்புறமும் ஒரு சந்திப்பு பாக்கி இருந்தால் பிரிவது லேசாகிறது. இதை முன்பே யோசித்திருந்தோம் என்று சொல்லமாட்டேன், தானாக அமைந்தது.

ஓ'லீனோவைச் சும்மா தங்கும் இடமாக மட்டும் நினைக்காதீர்கள். சான்டா ஃபே ஆறு அந்தப் பார்க்குக்குள் பூமியில் இறங்கி மறைந்துவிடுகிறது. மூன்று மைலுக்கு மேல் தள்ளி மறுபடி வெளியே வருகிறது. ஆறு முடியும் இடத்தில் ஒரு குளம், இலை தழை சுற்றிக்கொண்டு நிற்கிறது. எங்கள் பெண் அங்கிருந்து வரமாட்டேன் என்றாள்.

இங்கே சில்வர் ஸ்பிரிங்ஸில் அடிப்பக்கம் கண்ணாடி வைத்த படகு ஓடுகிறது. 1870-களிலிருந்து ஓடுகிறது. கயாக் வேண்டாம் என்ற அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மறுபடி டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

குரங்குகளையும் பார்த்தோம். ஆமாம், ஃப்ளோரிடாவில் குரங்கு. 1930-களில் இங்கே படகுச் சவாரி நடத்திய டூயி என்பவர், பயணிகளைக் கவர ஆற்றில் ஒரு தீவில் ரீசஸ் குரங்குகளை விட்டார். தீவை விட்டுப் போகாது என்று எண்ணம். ரீசஸுக்கு நன்றாக நீந்தத் தெரியும். கரையேறிப் பெருகிவிட்டன. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊருக் குரங்குக்கு வால் நீளம்லா, இது வடக்கத்திக் குரங்கு" என்றார். சரியாகச் சொன்னார். வட இந்தியாவில் இருப்பது இதே இனம். கிட்டே போகாதீர்கள், இவற்றில் பலவற்றுக்கு ஹெர்பிஸ் பி வைரஸ் உண்டு. மனிதருக்கு அது மிக அரிதாகவே வரும், வந்தால் உயிருக்கே ஆபத்து.

ஏப்ரல் 9, இரவு

இன்னொன்று, மனதை உறுத்துவதால் எழுதுகிறேன். ஊற்றின் வாயைச் சுற்றிப் பச்சைப் பாசி. வயல் உரமும், வீடுகளின் செப்டிக் டாங்க் கழிவும் மண்ணில் இறங்கி நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் கலந்து வருகிறது. பார்டோ ஊர்ப் பக்கம் கிஸ்ஸெஞ்சன் என்று பெரிய ஊற்று ஒன்று இருந்தது. பாஸ்பேட் சுரங்கங்களுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, 1950-ல் ஓட்டமே நின்றுபோனது. அப்பா அதைக் கேட்டுவிட்டு தாமிரபரணி மணலைப் பற்றிப் பேசினார். பிள்ளைகளை இப்போதே கூட்டிவந்து காட்டுங்கள். பார்த்த பிள்ளைகள்தான் நாளைக்கு இதற்காகக் கேள்வி கேட்கும்.

ஏப்ரல் 13, டாம்பா

வியாழக்கிழமை கிரிஸ்டல் ரிவர். கடல்பசு பார்க்க ஏப்ரல் சரியான மாதம் இல்லை. 20 டிகிரிக்குக் கீழே போகும் நீர் அவற்றுக்கு ஆகாது, அதனால்தான் குளிர்காலத்தில் ஊற்றுகளுக்குக் கூட்டமாக வருகின்றன. கடல் சூடானதும் கிளம்பிவிடும். ஆனால் த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றுக்குள் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை கயாக்கை விடமாட்டார்கள், ஏப்ரலில் விடுவார்கள். அதுவும் ஒரு லாபம்தான். போகாமல் தங்கிவிட்ட ஒன்று எங்கள் படகுக்கு அடியில் போயிற்று, படகைவிட அகலமாக இருந்தது.

அப்பா உடனே "ஆவுளியா" என்றார். நெருங்கிய சொந்தம்தான். மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கம் இருக்கும் ஆவுளியாதான் டூகாங். அதன் வால் டால்பின் வால் போலப் பிளந்திருக்கும், நன்னீருக்குள் வராது. இங்கே இருப்பது மானட்டி, வால் உருண்டை, ஆற்றுக்குள்ளும் வரும். இரண்டுக்கும் சாப்பாடு கடல்புல், இரண்டுக்கும் ஆபத்தும் அதே புல் அழிவதில்தான். 2021-ல் மட்டும் ஃப்ளோரிடாவில் ஆயிரத்துக்கும் மேல் செத்தன, பெரும்பாலும் கிழக்குக் கரையில் புல் இல்லாமல் பட்டினி. தமிழ்நாட்டில் 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை டூகாங் காப்பகமாக அறிவித்தார்கள். அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

நேற்று அக்கா வீட்டில் புத்தாண்டை முன்கூட்டியே வைத்துக்கொண்டோம். மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். இன்று கிளம்புகிறோம்.

ஏப்ரல் 27

பிப்ரவரி 10-ல் பெரியவர்களைக் கயாக்கில் ஏற்றுவது பற்றி நிறைய எழுதினேன். இப்போது ஒன்று கூட்டவேண்டும். ஏறாதவர்களுக்கும் தண்ணீரில் ஒரு பங்கு வேண்டும். அம்மா கரையில் பையைக் காத்துக்கொண்டு உட்காரும் ஆளாக ஆகிவிடக்கூடாது. கண்ணாடிப் படகு இருந்ததால் அன்றைக்கு அம்மாவிடமும் சொல்லக் கதை இருந்தது. இச்செடக்னீயில் அது இல்லை, காரில் காத்திருந்தார், அது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த தடவை அக்காவின் கார் ஏற்பாட்டை மாற்றி, அம்மாவைத் தலை ஊற்றில் கால் நனைக்க விட்டு, யாராவது ஒருவர் கூடவே இருப்பது என்று முடிவு.

மே மாதம் போகலாமா என்று கேட்டவருக்கு: போகலாம், ஆனால் லவ்பக் பூச்சி. ஜோடி ஜோடியாகப் பறந்து வந்து கார்க் கண்ணாடியில் அப்பும். அன்றன்றைக்கே கழுவாவிட்டால் பெயின்ட் போய்விடும். ஜூனிலிருந்து தினமும் பிற்பகல் இடி மழை. கொசு வேறு. ஏப்ரல்தான்.

மே 4

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார், டென்ட் கிடைக்காமல் ரெயின்போ ஆற்றில் ஒரு பகல் மட்டும் கயாக் ஓட்டினார்களாம், வீட்டுக்காரரே அடுத்த வருஷத்துக்கு இடம் தேடச் சொல்கிறாராம். அவருக்கு ஒரு வழி.

தம்பி ஃப்ளோரிடாவாசி அல்லவா? 11 மாத விதி அவருக்குப் பொருந்தும். அடுத்த ஈஸ்டர் ஏப்ரல் 5, 2026, அதனால் அந்த வாரக் கடைசிக்குப் போட்டி கடுமையாக இருக்கும். ஏப்ரல் 4, சனிக்கிழமை இரவுக்கு இன்று காலை அவர்களுக்குத் திறந்துவிட்டது. நமக்கு ஜூன் 4 வரை காத்திருக்கவேண்டும். அக்கா இன்று காலை ஓ'லீனோவில் அடுத்தடுத்த இரண்டு இடம் எடுத்துவிட்டாள். ஓர் இடத்துக்கு 8 பேர்வரை. பதிவு தம்பி பெயரில் என்றால் தம்பியும் வந்து தங்கவேண்டும், அவர் பெயரில் எடுத்துவிட்டு நீங்கள் மட்டும் போகக்கூடாது. அவர் வருவதுதானே நமக்கும் வேண்டியது. இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்.